வியர்த்தால்தான் விளையாட்டா?

என் நண்பர் ஒருவர் தடகளப் பயிற்சியாளர். ஓடாத எதையும் அவர் விளையாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோல்ஃப் பேச்சு வந்துவிட்டால் போதும், "நிற்கிற பந்தை அடித்துவிட்டு வண்டியில் ஏறிப் போகிறார்கள். இதற்கு ஒலிம்பிக் பதக்கம் வேறு!" என்று ஆரம்பித்துவிடுவார். 1900, 1904 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கில் இருந்துவிட்டுக் காணாமல் போன ஆட்டம், 2016இல் ரியோவில் திரும்பி வந்தது அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. ஆடும் ஆசையும் இல்லை. நான் இயன்முறை மருத்துவர். ஆடிவிட்டு வருகிறவர்களின் முதுகு, மணிக்கட்டு, முழங்கையின் உட்புறம் ஆகியவற்றோடுதான் எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு சொல்கிறேன், இது விளையாட்டுதான். சந்தேகம் இருப்பவர்கள் என் சிகிச்சை மேசைக்கு அருகில் அரை மணி நேரம் நின்றால் போதும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கீழ்முதுகு வலியோடு வந்தார். வலக்கைக்காரர். எப்படி அடிப்பீர்கள், காட்டுங்கள் என்றேன். மூலையில் இருந்த குடையை எடுத்துக்கொண்டு நின்றார். அவருடைய இடுப்பின் இரண்டு பக்கமும் கை வைத்துக்கொண்டேன். குடை பின்னால் போய் உச்சியில் நின்றது. அது கீழே இறங்குவதற்கு முன்பே இடுப்பு இடப்பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டது. தோள் இன்னும் வலப்பக்கமே இருக்கிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோல அந்த ஒரு கணத்தில் முதுகெலும்பு முறுக்கிக்கொள்கிறது. அடுத்த நொடிக்குள் எல்லாம் அவிழ்ந்து, உடல் எடை முழுவதும் இடக்காலில் வந்து இறங்கிவிட்டது. "இங்கேதான் அம்மா வலிக்கிறது" என்று வலப்பக்கக் கீழ்முதுகைத் தொட்டுக் காட்டினார். வலிக்காமல் என்ன செய்யும்? அந்த வீச்சில் இடுப்புப் பகுதி முதுகெலும்பின்மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப்போல் எட்டு மடங்கு வரை போகிறது. வெறும் குடையை வீசியதிலேயே என் கை ஒருமுறை நழுவியது.

தொழில்முறை ஆண் ஆட்டக்காரர் ஒருவர் டிரைவர் என்ற, நெடுந்தூரம் அடிப்பதற்கான மட்டையை வீசும்போது அதன் தலை மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். பந்து ஒரே ஒரு பாகை விலகிப் புறப்பட்டாலும், 230 மீட்டர் போவதற்குள் நான்கு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். காற்றில் வளைவது தனிக் கணக்கு. இதையெல்லாம் மூளை பார்த்துத் திருத்துவதற்கு நேரமே கிடையாது. உடம்பு முன்கூட்டியே கற்று வைத்திருக்க வேண்டும்.

"பந்து நிற்கிறதே!" என்பது நண்பரின் பிடித்தமான வாதம். நிற்பதுதான் தொல்லை என்பேன். பாய்ந்து வருகிற இறகுப்பந்தைத் திருப்பி அடிப்பவருக்குப் பயப்பட நேரமில்லை. இங்கே பயப்படுவதற்குத் தாராளமாக நேரம் தருகிறார்கள். 2009இல் ஸ்காட்லாந்தின் டர்ன்பெர்ரியில் நடந்த ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டியில், அமெரிக்க ஆட்டக்காரர் டாம் வாட்சனுக்கு வயது 59. இடுப்பு மூட்டை மாற்றி அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது (இதை வாசித்தபோது தொழில் பாசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது). கடைசிக் குழிக்குள் சுமார் எட்டடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிவிட்டால் பட்டம் அவருக்கு. தவறவிட்டார். பிறகு நடந்த கூடுதல் ஆட்டத்தில் ஸ்டூவர்ட் சின்க் வென்றார். எட்டடிக்கு எந்தத் தசை வலிமையும் தேவையில்லை. ஆனால் அது நடக்காமல் போனது உடம்பில்தான்.

வண்டி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. கேசி மார்ட்டின் என்ற அமெரிக்க ஆட்டக்காரருக்கு வலக்காலில் பிறவியிலேயே ரத்த ஓட்டக் கோளாறு. நடப்பதே வேதனை. வண்டியில் போக அனுமதி கேட்டார்; அங்கே தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் அமைப்பு மறுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2001இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. 18 குழிகளுக்கும் நடந்தால் சுமார் 500 கலோரிதான் செலவாகும் என்று உடலியங்கியல் பேராசிரியர் ஒருவர் அந்த வழக்கில் சாட்சி சொல்லியிருந்தார். நண்பருக்கு இந்தத் தகவலைச் சொன்னது நான்தான், அன்று முழுக்கக் கொண்டாடினார். அதே வழக்கில் இன்னொன்றும் பதிவாகியிருக்கிறது: நடந்து ஆடுகிறவர்களைவிட, வண்டியில் போகும் மார்ட்டினுக்கே களைப்பு அதிகம். தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. மற்றபடி, மூட்டு நன்றாக இருப்பவர்கள் வண்டியில் போவதைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். நடங்கள் என்றுதான் என்னிடம் வருகிறவர்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்றை விளையாட்டு என்று ஒப்புக்கொள்ள நான் வைத்திருக்கும் சோதனை சின்னது. நான் சொல்லச் சொல்ல வேறொருவர் செய்தால் முடிவு அதே மாதிரி வருமா? சதுரங்கத்தில் வரும். குதிரையை நகர்த்துவது யார் கையாக இருந்தாலும் ஒன்றுதான். கோல்ஃபில் வராது. எந்த மட்டை, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று உதவியாளர் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அடிக்க வேண்டியவர் அடித்தாக வேண்டும்.

நிலம், தண்ணீர், உறுப்பினர் கட்டணம், வாசலில் நிற்கும் காவலாளி என்று கோல்ஃப்மீது எரிச்சல்பட வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடு. பணக்காரர்கள் ஆடுகிறார்கள் என்ற கோபத்தை "இது விளையாட்டே இல்லை" என்று மாற்றிச் சொல்வதில்தான் எனக்குச் சண்டை.

கடைசியில் நண்பர், ஜான் டேலி என்ற அமெரிக்க கோல்ஃப் ஆட்டக்காரரை எடுத்தார். தொப்பை, வாயில் சிகரெட், ஆனால் 1991இல் பிஜிஏ சாம்பியன்ஷிப் பட்டம், 1995இல் ஓப்பன் பட்டம். "இவர் விளையாட்டு வீரரா, டாக்டரம்மா?" டேலி மட்டையைப் பின்னால் கொண்டுபோகும் படங்களைத் தேடிப் பாருங்கள். உச்சியில் மட்டை கிடைமட்டத்தையும் தாண்டித் தரையை நோக்கித் தொங்கும். அந்த அளவுக்குத் திரும்பும் உடம்பு என்னிடம் வரும் இருபது வயதுப் பிள்ளைகளில் பலருக்கு இல்லை. தொப்பைதான் இடைஞ்சல் என்றால் குண்டு எறிபவர்களை என்ன செய்வது? இரண்டு நொடி வேலை, பெரிய உடம்பு, ஓட்டமும் கிடையாது. அவர்கள் உங்கள் தடகளத்தில்தானே இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அது வேறு" என்றார். எப்படி வேறு என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.