நான்கு நிமிடம் பின்தங்கிய கணினி

மண்டபத்தில் மீன் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரித்துவந்தேன். அலுவலக மின்னஞ்சலுக்குள் நுழையக் கடவுச்சொல்லுடன் ஆறு இலக்கக் குறியீடும் தேவைப்பட்டது. அந்தக் குறியீடு ஊழியர் ஒருவரின் கைபேசியில் மட்டுமே இருந்ததால், அவர் பாம்பனுக்குப் படகுகளைப் பார்க்கப் போய்விட்டால் வேலை நின்றுவிடும். 30 விநாடிக்கு ஒருமுறை குறியீடு மாறும் என்பதால், அவர் தொலைபேசியில் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். ஆகவே கணக்குப் பிரிவின் லினக்ஸ் கணினியில் கீபாஸ்எக்ஸ்சி என்ற கடவுச்சொல் காப்பு மென்பொருளை நிறுவி, குறியீட்டை உருவாக்கப் பயன்படும் ரகசியச் சாவியை அதிலும் பதிந்தேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தக் கணினி அணைந்தே கிடந்தது. படகுகள் மீண்டும் கடலுக்குப் போன வாரத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா அழைத்தார்: "தடைக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு தம்பி, இப்ப எந்த நம்பரைப் போட்டாலும் தப்புங்குது." சாவியைத் தவறாகப் பதிந்துவிட்டேனோ என்ற கலக்கத்தில் ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். பிறகுதான் திரையின் கடிகாரம் என் கைபேசியைவிட நான்கு நிமிடம் பின்தங்கியிருப்பதைக் கண்டேன்.

2011-இல் ஆர்.எஃப்.சி. 6238 என்ற இணையத் தர ஆவணமாக வெளியான முறைப்படி, 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை 30 விநாடிகள் கடந்தன என்ற எண்ணையும் ரகசியச் சாவியையும் சேர்த்துக் கணக்கிட்டே குறியீடு பிறக்கிறது. அதற்கு இணையம் வேண்டாம். சரியான நேரம் மட்டும் வேண்டும். ஒவ்வொரு 30 விநாடியும் ஒரு படி என்பதால், நான்கு நிமிடம் என்றால் எட்டுப் படிகள். சேவையகமோ பெரும்பாலும் ஓரிரு படிகளையே பொறுத்துக்கொள்ளும். இணையதளங்கள் எல்லாம் வழக்கம்போலத் திறந்ததால் கடிகாரத்தின்மீது எனக்குச் சந்தேகமே எழவில்லை. (கடிகாரம் சரியாகத் தெரிந்தாலும் நேர மண்டலம் தவறாக இருந்தால் இதே கதிதான், லினக்ஸின் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளை காட்டும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தையும் பார்க்க வேண்டும்.)

பெட்டியைத் திறந்தபோது கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும், தாய்ப்பலகையின் நாணய வடிவ மின்கலம் வலுவிழந்திருந்தது. அதைப் பிடிக்கும் தகடு உப்புக் காற்றில் துருவேறியிருந்தது. இணையம் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் நேர ஒத்திசைவுச் சேவையும் அணைக்கப்பட்டிருந்தது. நிறுவிய நாளிலேயே நான் கவனித்திருக்க வேண்டியது அது. தகட்டைத் துடைத்து, புது மின்கலம் பொருத்தி, சேவையை இயக்கியதும் முதல் குறியீடே ஏற்கப்பட்டது.

மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் ரகசியச் சாவியையும் கீபாஸ்எக்ஸ்சியின் ஒரே கோப்பில் வைத்தால் வசதி என்றார் அக்கா. நான் இணங்கவில்லை. ஒரே கணினியில் இரண்டும் இருப்பதே கைபேசியில் தனியாக வைப்பதைவிடப் பலவீனம். ஒரே கோப்பும் ஆகிவிட்டால் அதைத் திறப்பவருக்கு இரண்டு பூட்டும் ஒன்றாகவே திறந்துவிடும். சாவிக்குத் தனிக் கோப்பும் தனிக் கடவுச்சொல்லும் வைத்து, குறியீடு கிடைக்காதபோது உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைத்தோம். அடுத்த தடைக்காலத்தில் வாரம் ஒருமுறை அக்கா அந்தக் கணினியை இயக்கி, கைபேசியோடு நேரத்தை ஒப்பிட்டு நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.