மூக்கு நீண்ட தலையாட்டி

அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவ்வளவுதான், எனக்குக் கால் நிலத்தில் ஒட்டிப்போச்சு.

சுவிஸில் பாசல் நகரத்துக்கு வந்த முதல் வருசம், பாஸ்நாக்ட் என்கிற முகமூடித் திருவிழா. கோப்பை கழுவி முடித்து வெளியே வந்தால் டிராம் இல்லை, தெரு முழுக்க மேளமும் குட்டிப் புல்லாங்குழலும். நீலச் சட்டை, மரச்செருப்பு, வைக்கோல் போர் மாதிரித் தலைமயிர், முருங்கைக்காய் மூக்கு. வாக்கிஸ் என்று பெயராம். எல்லைக்கு அங்கால், பிரான்சின் எல்சாஸ் பக்கத்துக் கமக்காரனை நக்கலடிக்கிற வேசம். கிட்ட வந்து அந்தப் பெரிய தலையை மேலும் கீழுமாக இரண்டு தரம் ஆட்டினான்.

எங்களுக்கு முகமூடி என்றால் வேற ஆள். ஊரில் ஆமி சுற்றிவளைக்கிற நாளில் கோயில் வீதியால் ஒவ்வொருவராக நடத்துவார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில் சாக்கு மூடின ஒரு தலை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை: ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி. அது ஆடினால் பிடித்துக்கொண்டு போவார்கள், ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எனக்கு முன்னால் போன பெடியனுக்கு ஆடியது. சாக்குக்குள் இருந்தது ஆர் என்று அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "கால் மட்டும்தான் தெரிஞ்சது, இடக்கால் பெருவிரலில நகம் இல்லை" என்பா. அதற்குப் பிறகு சங்கக்கடை வரிசையிலும் சனத்தின் காலைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பா.

வாக்கிஸ் என்ன செய்தான்? என் சட்டைக் கொலருக்குள் ஒரு அள்ளு காகிதத் துண்டைத் திணித்தான். விழா பட்ஜ் குத்தாததற்குத் தண்டனையாம். பிறகு கையில் ஒரு தோடம்பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த ரெப்லித் துண்டுகள் ஆடி மாதம்வரை கட்டிலுக்குக் கீழே கிடந்தன. எல்லாம் ஒரே நிறம். கலர் கலந்திருந்தால் நிலத்தில் கூட்டி அள்ளினது என்று மானம் போய்விடுமாம்.

இப்போது நானே பாசல்காரன். புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன்: திங்கள் விடிய நாலு மணிக்கு ஊர் விளக்கெல்லாம் அணையும், அதிலிருந்து சரியாக 72 மணித்தியாலம். மாஸ்க் என்று சொல்லாதே, லார்வே. பார்க்க வருகிறவன் முகத்தில் பூசிக்கொண்டு வரக்கூடாது. விளக்கு அணைந்ததும் சனம் "ஆ" என்று பூரிக்கும்; என் கை மட்டும் பக்கத்தில் நிற்கிறவரின் கையைத் தேடும்.

2025 ஜனவரி 1 முதல் சுவிஸில் பொது இடத்தில் முகம் மூடத் தடை. நோய், குளிர், பாஸ்நாக்ட் மாதிரி உள்ளூர் வழக்கம் இவற்றுக்கு விலக்கு. வாசித்துவிட்டுச் சிரித்தேன். இந்தச் சட்டம் அந்தக் காலத்தில் எங்கள் கோயில் வீதிக்கு வந்திருக்க வேணும்.

மகன் ஒரு கிளிக்கில், அதாவது ஒரு பாஸ்நாக்ட் குழுவில், சேர்ந்து பிக்கலோ என்கிற அந்தக் குட்டிப் புல்லாங்குழலை ஊதுகிறான். நிலவறையில் காகிதக்கூழ் குழைத்துத் தன் லார்வேக்குத் தானே வர்ணம் அடித்தான். வீட்டில் அலுமாரிக்கு மேல் இருந்ததை இரவில் நான் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பேன். விடிய அது திரும்பவும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

திங்கள் பின்னேர ஊர்வலம். நாற்பது பேர், நாற்பதும் ஒரே முகம். எது என்ரை பிள்ளை? குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாம் வரிசையில், காலையில் நான் இரட்டை முடிச்சுப் போட்ட சப்பாத்து. நிமிர்ந்தபோது அந்த முகம் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டியது.

நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

"கையை ஆட்டுங்கோவன்" என்றா மனிசி. "ஏன் சும்மா தூக்கிக்கொண்டு நிக்கிறியள்?"