எப்படியாவது

கோவையில் பழைய கார் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். என்னையும் சேர்த்து ஏழு பேர், ஷெட்டில் எப்போதும் இருபது, இருபத்தைந்து வண்டி நிற்கும். இந்தத் தொழில் என்று சொன்னால் கல்யாண வீட்டில்கூட ஒரு மாதிரி சிரிப்பார்கள். "மீட்டரைக் குறைச்சுடுவீங்களாமே?" என்பார்கள். பல வருடம் அதற்குக் கோபப்பட்டிருக்கிறேன். 2019-க்குப் பிறகு படுவதில்லை.

அந்த வருடம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எங்களிடம் டீசல் டிசையர் ஒன்றை 4,35,000 ரூபாய்க்கு வாங்கினார். மீட்டரில் 68,000 கிலோமீட்டர். ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் வந்தார். சத்தம் போடவில்லை. எதிரில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, கையால் நீவிவிட்டார். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் கிடந்ததாம். வண்டி எங்களிடம் வருவதற்கு ஒன்றரை வருடம் முந்தைய சர்வீஸ் பில். அதில் 1,18,460 கி.மீ. என்று இருந்தது.

"ரிவர்ஸ்லயே ஓட்டியிருப்பாங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்பது உண்மை. வாங்கிய அன்று மீட்டர் என்ன காட்டியது என்று நான் எட்டிப் பார்க்கவே இல்லை என்பதும் உண்மை.

சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டேன். மீட்டர் வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பல வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் லேப்டாப்பைச் செருகினால் போதும், சிலவற்றில் மீட்டரைக் கழற்ற வேண்டும். அதற்கென்றே ஆள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் கடைக்கே வருவார்கள். கதவோரம் ஒட்டியிருந்த ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கரைத் தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

சேல்ஸ் பார்க்கும் பையன் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க, மாசக் கடைசிக்குள்ள எப்படியாவது முடிச்சுடுன்னு."

சொல்லியிருக்கிறேன். அந்த மாதம் மட்டும் இல்லை, எல்லா மாதமும். எனக்கு அது ஒரு பேச்சு. அவனுக்கு அது உத்தரவு. அவன் சம்பளம் அப்போது 9,000. ஒரு வண்டி விற்றால் 3,000 கமிஷன், சொன்ன விலைக்கு மேல் விற்றால் அதில் ஒரு பங்கு. வீட்டு வாடகையே ஆறாயிரத்துச் சில்லறை. வண்டியின் குறையை வாயைத் திறந்து சொல்வதற்கு ஒரு பைசா கிடையாது, மறைத்தால்தான் காசு என்று நானே கணக்கு எழுதி வைத்துவிட்டு, பையன் நேர்மையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

அவனை வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மனைவிதான் கேட்டாள்: "சொன்னவரை விட்டுட்டு, செஞ்சவனை அனுப்பறீங்களா?" சரி என்று விட்டுவிட்டேன்.

வாத்தியாரிடம் முழுப் பணத்தையும் கடையில் எல்லோரும் இருக்கும்போதே செக்காகக் கொடுத்தேன். ஆர்.சி. அவர் பேருக்கு மாறியிருந்ததால் அடுத்து வாங்குபவர் மூன்றாவது ஓனர். உண்மையான கிலோமீட்டரைச் சொல்லி 3,10,000-க்கு விற்றதில், வாங்கிய விலை, பாலிஷ் செலவு, பேர் மாற்றிய செலவு எல்லாம் போக 45,000 ரூபாய் கைநஷ்டம். யார் சம்பளத்திலும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அடுத்த தப்பை இன்னும் நன்றாக மறைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் சம்பளத்தை 16,000 ஆக்கினேன். கமிஷனை வண்டிக்கு 1,000 என்று குறைத்தேன், விலை ஏற்றி விற்றால் பங்கு என்பதை எடுத்தேன். அப்புறம், புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டு, கமிஷனில் பாதியை மூன்று மாதம் கழித்து, புகார் வராவிட்டால்தான் தருவேன் என்றேன். டிங்கரிங் அண்ணன் விடவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், தம்பி என்றுதான் கூப்பிடுவார். "இன்ஜின் தானா போனா அதுக்குப் பையன் என்ன தம்பி பண்ணுவான்? அவன் காசை நீங்க வச்சுக்கிட்டு நேர்மையைப் பத்திப் பேசறீங்க." அந்த விதி ரெண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

தாங்கியது பேப்பர். ஒவ்வொரு வண்டியின் முன் கண்ணாடியிலும் 'இந்த வண்டியில் உள்ள குறைகள்' என்று தமிழில் ஒரு தாள் ஒட்டுகிறோம். எழுதுவது சேல்ஸ் ஆள் இல்லை, டிங்கரிங் அண்ணனும் மெக்கானிக்கும். பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100, 120 மைக்ரான் பக்கம் நிற்கும், நசுங்கலை நிரப்பப் பட்டி பார்த்த இடத்தில் 400, 500 என்று தாவும். அண்ணனுக்கு அது தேவையே இல்லை. கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "இது பட்டி" என்பார், அப்புறம்தான் மீட்டரை வைப்பார், என் திருப்திக்காக. முதல் தாள் இப்படி இருந்தது: 'வலது பின் கதவு மாற்றியது. பானட் பெயின்ட் அடித்தது. ஏ.சி. கம்ப்ரசர் சத்தம் வருகிறது. மூன்றாவது கியர் சில நேரம் இடறும்.'

இன்னொன்றையும் மெக்கானிக் கேட்டு வாங்கினார். வண்டி வந்தவுடன் இன்ஜின் ரூமைக் கழுவக் கூடாது. கழுவினால் ஆயில் லீக் தெரியாது. நாங்கள் அதை மறைப்பதற்காகச் செய்ததில்லை, சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் செய்தோம். பலன் ஒன்றுதான். இப்போது அவர் பார்த்து, படம் எடுத்த பிறகே தண்ணீர்.

முதல் மாதம் நாலு வண்டிதான் போனது, வழக்கமாகப் பத்து, பதினொன்று போகும். புரோக்கர்கள் வருவதை நிறுத்தினார்கள். இன்னொரு சேல்ஸ் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார், தப்புச் சொல்ல முடியாது. ஒரு பார்ட்டி தாளை முழுக்கப் படித்துவிட்டு, "இவ்வளவு குறை இருக்கிற வண்டியை எதுக்குங்க விக்கறீங்க?" என்றார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "எழுதாததைச் சொல்லுங்க" என்றார். பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் கொரோனாவும் வந்ததால் எது எதனால் என்று பிரிக்க முடியவில்லை.

ஆர்.டி.ஓ. வேலை பார்க்கும் அக்கா ஒரு நாள் மேசை டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஒன்றை என் முன் வைத்தார். விற்றவர்கள் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பேரை வெறுமையாக விட்ட, பேர் மாற்றத்துக்கான 29-ம் நம்பர், 30-ம் நம்பர் ஃபார்ம்கள். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கடைக்காரன் பேருக்கு மாற்றினால் ஒரு ஓனர் கூடிவிடும், விலை குறையும். ஆனால் வண்டி எங்கேயாவது மோதினால்? பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "வாங்கறவங்களுக்குத் தாள் ஒட்டறோம், நம்மகிட்ட வித்தவங்களுக்கு என்ன சார் ஒட்டறோம்?" என்றார் அக்கா. எனக்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து பேர் மாறி வரும்வரை விற்றவருக்கு அக்காவே வாராவாரம் போன் பண்ணுவார். 2023 ஏப்ரலில் புது விதி வந்து, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததை 29சி ஃபார்மில் தெரிவிக்கலாம் என்றானபோது, கடையில் அதிகம் சந்தோஷப்பட்டது அவர்தான்.

அதே வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயல். சென்னை மூழ்கியது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பார்த்தது மாதிரியே, கொஞ்ச மாதத்தில் சென்னைப் பதிவு வண்டிகள் நல்ல விலைக்கு இந்தப் பக்கம் வர ஆரம்பித்தன. ஒரு வெள்ளை எஸ்.யூ.வி. வந்தது. நாலு வருட வண்டி, கண்ணாடி மாதிரி இருந்தது. மனசுக்குள் நான் எழுபதாயிரம் லாபம் எழுதிவிட்டேன். மீட்டர் குறைத்த அதே பையன்தான் பார்க்கப் போனான். டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தான். யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை, கழுவுபவர்களும்தான். கடைசி ஒரு சாண் பட்டையில் சேறு காய்ந்து கோடாக நின்றது. சீட்டுக்கு அடியில் போல்ட்டுகள் துரு.

"அண்ணா, தண்ணி வண்டி. வேண்டாங்கண்ணா."

"விலை அதுக்குத் தகுந்த மாதிரிதானே இருக்குது, பேசிப் பாக்கலாமே" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

"வாங்கலாம். தாள்ல 'வெள்ளத்தில் மூழ்கியது'ன்னு எழுதிடலாமா?"

திருப்பி அனுப்பினோம். பத்து நாள் கழித்து அதே வண்டி எங்கள் ரோட்டிலேயே இன்னொரு கடை வாசலில், மாலை போட்டு டெலிவரிக்கு நின்றது. டீ குடிக்கப் போகும்போது நானும் பையனும் சேர்ந்தே பார்த்தோம். புதிதாக வாங்கியவர் குழந்தையைத் தூக்கி பானட்டில் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லலாமா என்று இரண்டு பேருமே யோசித்தோம் என்று நினைக்கிறேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.