ஒரு விசைப்பலகையில் இரண்டு மொழிகள்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஊர்களில் தட்டச்சு வேலை பார்ப்பவருக்கு ஒரே மணி நேரத்தில் தமிழ், மலையாளம் இரண்டிலும் அடிக்க வேண்டி வரும். கோயில் திருவிழா நோட்டீஸ் தமிழில் வேண்டும்; வில்லேஜ் ஆபீசுக்குப் போகிற விண்ணப்பம் மலையாளத்தில் வேண்டும்; மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் ஆங்கில எழுத்தில்தான். மேசையில் இருப்பதோ ஒரே விசைப்பலகை. அதன் மேல் அச்சிட்டிருப்பதும் ஆங்கில எழுத்துகள் மட்டுமே. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வகுக்கும் விசைத்தளங்களில் எதைப் பழகுவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடிவதில்லை என்பதால், விரல் முதல் திரை வரை நடப்பதைச் சற்று விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

விசையை அழுத்தும்போது கணினிக்குள் போவது எழுத்து அன்று. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது, அது எப்போது விடப்பட்டது என்பதைச் சொல்லும் எண் மட்டுமே போகிறது. யூஎஸ்பி விசைப்பலகை அந்த எண்ணையும் தானாக முன்வந்து சொல்வதில்லை. சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறை கணினிதான் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. விசைப்பலகையைக் கையாளும் இயக்கி நிரல் வாங்கித் தரும் அந்த எண், திரையில் அப்போது முன்னால் நிற்கும் சாளரத்துக்கு உரியது என்று விண்டோஸ், உபுண்டு போன்ற இயங்குதளம் தீர்மானிக்கிறது. அதற்கு இடையில் உள்ளீட்டு முறை என்னும் நிரல் அதைத் தமிழ் எழுத்தாகவோ மலையாள எழுத்தாகவோ மாற்றிக் கொடுக்கிறது. அதன் பிறகே எழுத்துக்குத் திரையில் வடிவம் தரும் எழுத்துருவின் வேலை தொடங்குகிறது.

கைத்தட்டச்சில் பழகி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், "ஏனுங்க தம்பி, கொம்பு மொதல்ல வரமாட்டேங்குதே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தட்டச்சுப் பொறியில் 'கெ' அடிக்க முதலில் கொம்பை அடித்து, பிறகு ககரத்தை அடிக்க வேண்டும். தாளில் இடமிருந்து வலமாக எது தெரிகிறதோ அதுவே அடிக்கும் வரிசை. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது திரையில் வரையும் கட்டத்தில் நடக்கிறது. 'கொ' என்ற எழுத்தைத் தாண்ட அம்புக்குறி விசையை ஒருமுறை அழுத்தினால் போதும் என்றிருக்க, பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்தினால் பல செயலிகளில் உயிர்க்குறி மட்டும் அழிந்து ககரம் நின்றுவிடுவதும் இந்தச் சேமிப்பு முறையின் விளைவே. இதைப் பிழை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இது வசதியாகவே இருக்கிறது: குறி மட்டும் தவறினால் குறியை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.

இனி விசைத்தளங்கள். இந்திய மொழிகளுக்கான பொது விசைத்தளமான இன்ஸ்கிரிப்டின் அடிப்படை, பெரும்பாலான இந்திய மொழிகளில் ஒரே ஒலிக்கு ஒரே விசை என்பது. தமிழ்க் ககரத்துக்கும் மலையாளக் ககரத்துக்கும் கே விசைதான். புள்ளிக்கும், மலையாளத்தில் அதே வேலையைச் செய்யும் சந்திரக்கலைக் குறிக்கும் டி விசைதான். கேரளப் பள்ளிகளில் மலையாளத் தட்டச்சை இம்முறையில் பழகிய பிள்ளை, தமிழையும் பாதிக்கு மேல் அப்போதே கற்றுவிட்டது என்று சொல்லலாம். மீதிப் பாதியில்தான் தொல்லை. மலையாளத்தில் நகரமும் னகரமும் எழுத்தில் ஒன்று என்பதால், வி விசையில் பழகிய விரல் தமிழிலும் அங்கேயே போய் 'நான்' என்பதை 'நாந்' என்று அடித்துவிடும். தமிழில் அடிக்கடி வருகிற னகரத்துக்கு இன்ஸ்கிரிப்டில் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். ணகரம், றகரம், ளகரம், ழகரம் ஆகியவற்றுக்கும் அதே கதிதான்.

1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைத்தளம் தமிழுக்காகவே வகுக்கப்பட்டது. மேலே சொன்ன ஐந்து எழுத்துகளுக்கும் அதில் ஷிஃப்ட் வேண்டாம். ககரத்தை இருமுறை அடித்தால் முதல் ககரத்தின் மேல் புள்ளி தானாக வந்துவிடும். 'ன'வை அடுத்து 'ற' அடித்தால் 'ன்ற' ஆகிவிடும். முந்தைய எழுத்தை நினைவில் வைத்திருக்கும் உள்ளீட்டு நிரல் இல்லாமல் இது நடக்காது. இந்த விசைக்கு இந்த எழுத்து என்ற வெறும் அட்டவணை போதாது. 'என்றான்' என்பதைத் தமிழ்99-இல் ஷிஃப்ட் இல்லாமல் ஆறு அழுத்தங்களில் அடித்துவிடலாம். இன்ஸ்கிரிப்டில் ஏழு அழுத்தங்கள், அவற்றில் நான்கு ஷிஃப்டுடன்.

இந்தக் கணக்கை வைத்துத் தமிழ்99 சிறந்தது என்று முடித்துவிடுபவர்கள் உண்டு. தமிழ் மட்டும் அடிப்பவருக்கு நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் மனிதர் கணினியோடு செலவிடும் நேரம் விரல் அசைவில் மட்டும் போவதில்லை. கார்டு, மொரான், நியூவெல் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும், கணினியில் ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மதிப்பிட 1980-இல் வெளியிட்ட விசையழுத்த மாதிரியில், தேர்ந்த தட்டச்சாளர் ஒரு விசையை அழுத்த ஏறத்தாழ 0.2 நொடியும், அடுத்துச் செய்ய வேண்டியதை மனத்தில் ஆயத்தப்படுத்திக்கொள்ள 1.35 நொடியும் ஆகும் என்று கணக்கிட்டார்கள். மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்டும் தமிழுக்குத் தமிழ்99-உம் வைத்திருப்பவர், மலையாளப் பத்தியிலிருந்து தமிழ்ப் பத்திக்கு வந்ததும் 'ககரம் இப்போது எங்கே?' என்று ஒருமுறை தயங்கினால், ஆறேழு விசைகளுக்கான நேரம் அங்கே போய்விடுகிறது. இரண்டு மொழியையும் மாறிமாறி அடிக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்ஸ்கிரிப்டை முதலில் பழகச் சொல்வதற்கு இதுவே காரணம். ஷிஃப்டின் சுமையைத் தெரிந்தேதான் சொல்கிறேன்.

விசைத்தளம் எதுவானாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு: ஒரே விசை, கணினி அப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து வேறுவேறு எழுத்தைத் தருவது. இப்படி நிலை மாறுவதையே ஒழிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர், ஜெராக்ஸ் ஆய்வகத்தில் வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர். தம் கார் எண்பலகையிலேயே அந்தக் கோரிக்கையை எழுதிவைத்திருந்தார். ஆனால் மூன்று எழுத்துமுறைகளை ஒரே விசைப்பலகையில் அடிக்கும்போது நிலைமாற்றம் இல்லாமல் முடியாது. அதனால் இப்போது எந்த மொழி என்பதைக் கண்ணுக்குப் படும்படி காட்டுவது இயங்குதளத்தின் கடமையாகிறது. அதை மூலையில் சின்ன எழுத்தில் காட்டுவது போதாது. அடிப்பவரின் கண் கர்சரில்தான் இருக்கும். கடவுச்சொல் கட்டத்தில் நிலைமை இன்னும் மோசம்: என்ன எழுத்து விழுகிறது என்பதையே புள்ளிகள் மறைத்துவிடுகின்றன.

மொழித் தேர்வு யாருக்கு உரியது என்பதும் இயங்குதளம் எடுக்கும் முடிவுதான். விண்டோஸ் 7 வரை ஒவ்வொரு செயலியும் தன் மொழியைத் தனித்தனியாக நினைவில் வைத்திருந்தது. விண்டோஸ் 8 முதல், நாமாக மாற்றாவிட்டால், கணினி முழுவதற்கும் ஒரே தேர்வு. உபுண்டுவின் திரைச்சூழலான க்னோமின் அமைப்புகளிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நோட்டீஸ் ஒரு சாளரத்திலும் விண்ணப்பம் இன்னொன்றிலுமாக நான் தனியே வேலை பார்க்கும் கணினியில் சாளரத்துக்கு ஒரு மொழி என்று வைத்திருக்கிறேன். பலரும் மாறிமாறி உட்காரும் கணினியில் அப்படி வைத்தால், முன்பு இருந்தவர் எந்தச் சாளரத்தில் எதை விட்டுப்போனார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. அங்கே அனைத்துக்கும் ஒரே தேர்வு என்பதே சரி.