சேவல் கூவிய ஓம் விதி

எம்.ஏ. கல்வியியல் இரண்டாம் ஆண்டில், ஆய்வேட்டுத் தலைப்பைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு முந்தைய இரவு அவசரமாக எழுதிய தலைப்பு இது: ‘பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் அலகுக்கான கலப்புமுறைக் கற்றல் திட்டம்’. நேரடி வகுப்பையும் இணையவழிக் கற்றலையும் சேர்த்து நடத்துவதுதான் கலப்புமுறை. பகலில் ராயக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை, இரவில் தொலைநிலைக் கல்வி மாணவி. எப்படியும் நடத்தப்போகிற நான்காவது அலகையே ஆய்வாகவும் காட்டிவிட்டால் ஒரு வேலையில் இரண்டு கடன் தீரும் என்று கணக்குப் போட்டேன். ஆய்வு ஆர்வம் எல்லாம் பிறகு வந்ததுதான்.

முதல் திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. மாணவர்கள் மாலையில் வீட்டில் காணொளி பார்ப்பார்கள். மறுநாள் வகுப்பில் விளக்கம் குறைவாகவும் கணக்கும் விவாதமும் அதிகமாகவும் இருக்கும். 2007 வாக்கில் அமெரிக்காவின் கொலராடோவில் இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்பைத் தவறவிடும் மாணவர்களுக்காகப் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கியதில் பரவிய முறை இது. அங்கே பிள்ளைகள் விளையாட்டுப் போட்டிக்காக வகுப்பைத் தவறவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் தக்காளி பறிப்புக்காகத் தவறவிடுகிறார்கள். ஆக, பொருத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பகலில் பக்கத்து வீட்டு மிக்ஸியும் தெருவில் டிராக்டரும் விடாததால், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பதிவு செய்தேன். முதல் காணொளி 22 நிமிடம் வந்தது. ஓம் விதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிர் வீட்டுச் சேவல் மூன்று முறை கூவியிருந்தது. வெட்டி எடுக்கத் தெரியவில்லை, அப்படியே அனுப்பினேன்.

34 பேர் கொண்ட வகுப்பில் பார்த்தவர்கள் ஏழு பேர். முழுவதும் பார்த்தவள் ஒருத்தி. அவளும் சேவலைப் பற்றித்தான் கேட்டாள்.

தவறு என் கேள்வித்தாளில் இருந்தது. திட்டமிடும்போது ‘வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தேன். 31 பேர் ‘ஆம்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த எண்ணை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் பெருமையாகச் சேர்த்தும் விட்டேன். இப்போது உட்கார்ந்து ஒவ்வொருவராக, ‘போன் எத்தனை மணிக்கு உன் கைக்கு வரும்?’ என்று கேட்டேன். அப்பாவுடன் ஓசூர் ஷிப்டுக்குப் போகிற போன், அம்மாவுடன் பூப்பறிக்கப் போகிற போன், கல்லூரி அண்ணன் விட்டால்தான் கிடைக்கிற போன். இரவு ஒன்பது மணிக்கு முன்னால் கையில் போன் கிடைப்பவர்கள் 11 பேர்தான். அதற்குள் அன்றைய டேட்டாவும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

கூகுள் படிவத்தில் வைத்த சிறு தேர்வு இன்னும் வேடிக்கை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் பத்துக்குப் பத்து எடுத்திருந்தான். விசாரித்ததில், பாலிடெக்னிக் படித்த மாமா ஆர்வமாக உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார். மாமாவுக்கு மின்னோட்டவியல் நன்றாகவே தெரிந்திருந்தது.

ஒரு வாரம் எதையும் தொடவில்லை. சனி, ஞாயிறு தொடர்பு வகுப்பு, கையால் எழுதித் தர வேண்டிய ஒப்படைப்புகள், பள்ளியில் எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டிய பதிவுகள், முன்னால் காலாண்டுத் தேர்வு. ஆய்வுத் தலைப்பை மாற்றிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மாற்றினால் ஆறு மாதம் போய்விடும் என்பதால்தான் மாற்றவில்லை.

பிறகு திட்டத்தைத் தலைகீழாக்கினேன். எங்கள் ஹைடெக் லேபில் 10 கணினிகள் இருக்கின்றன. திரையில் நடக்க வேண்டியதைப் பள்ளிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, போன் இல்லாமல் செய்யக்கூடியதை வீட்டுக்கு அனுப்பினால் என்ன?

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, கணினித் திரையில் இயக்கிப் பார்க்கும் ‘ஃபெட்’ மாதிரிகளில் மின்சுற்று அமைக்கும் ஒன்று உண்டு. கம்பி, பேட்டரி, பல்பு ஆகியவற்றை இழுத்துப் போட்டு இணைக்கலாம். எனக்குக் கிடைத்த பெரிய வரம், ஒருமுறை தரவிறக்கிவிட்டால் அது இணையம் இல்லாமலே ஓடும் என்பது. லேபின் இணைப்பை நம்பி இறங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பென் டிரைவில் ஏற்றிப் பத்துக் கணினியிலும் போட்டேன்.

லேபுக்குப் போவதற்கு முன் வகுப்பில் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில், அதாவது ஒரே சுற்றில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் எது அதிகப் பிரகாசமாக எரியும்? 19 பேர் ‘பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் பல்பு’ என்றார்கள். முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு அனுப்புகிறது என்பது அவர்கள் மனதில் இருக்கும் படம். தொடரிணைப்பில் மின்னோட்டம் மாறாது என்று புத்தகத்தைப் பார்த்து எழுதியவர்களும் அந்த 19 பேரில் இருந்தார்கள்.

லேபில் கணினிக்கு மூன்று அல்லது நான்கு பேர். இரண்டு பல்பும் ஒரே அளவில் எரிந்ததை முதலில் யாரும் நம்பவில்லை. பல்பை இடம் மாற்றிப் பார்த்தார்கள். கம்பிக்குள் ஓடும் நீல எலக்ட்ரான்கள் முதல் பல்பைக் கடந்த பிறகும் அதே வேகத்தில் ஓடுவதை ஒரு பெண் விரலால் காட்டினாள். நான் கரும்பலகையில் பல ஆண்டுகள் சொல்லியும் ஏறாத விஷயம் அது. கூடவே, ‘புத்தகத்தில் அம்புக்குறி எதிர்ப்பக்கம் போகிறதே மிஸ்?’ என்ற கேள்வியும் வந்தது. எலக்ட்ரான்கள் ஓடும் திசைக்கு எதிராகக் குறிக்கப்படும் மரபு மின்னோட்டத்தின் திசையைப் பற்றி மாணவர்களே கேட்டு நான் விளக்கியது அதுதான் முதல் தடவை.

பல்பில்லாமல் கம்பியை மட்டும் இணைத்தால் திரையில் பேட்டரி தீப்பிடிக்கும் என்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். ஐந்து நிமிடத்தில் பத்துக் கணினியிலும் தீ. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தது சரியாக அப்போதுதான். குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) நடத்துகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். பொய்யும் இல்லை.

வீட்டுக்கு ஒரே ஒரு தாள் கொடுத்தேன். மாலை ஏழு மணிக்கும் மறுநாள் காலை ஏழு மணிக்கும் மின் மீட்டரைப் பார்த்துக் குறித்து, எந்தக் கருவி எவ்வளவு நேரம் ஓடியது என்று எழுதி, வாட்டைப் பெருக்கி, மீட்டர் காட்டும் யூனிட்டோடு ஒப்பிட வேண்டும். ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த கணக்கு என்பதால், அம்மாக்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு வீட்டில் கணக்கு உதைத்தது. மூன்று குடும்பங்களுக்கு ஒரே மீட்டர். அந்தத் தாளை வைத்தே ஒரு முழுப் பாடவேளை போனது.

காணொளிகளையும் விடவில்லை. 22 நிமிடத்தை நான்காக நறுக்கினேன். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014 இல் வெளிவந்த ஆய்வொன்று, ஆறு நிமிடத்துக்கு மேல் போனால் கவனம் நிற்பதில்லை என்றது. அதை நான் முன்பே மேற்கோள் காட்டியிருந்தேன் என்பதுதான் வெட்கம். நறுக்கியவை விடுபட்டவர்களுக்கும் திரும்பப் படிப்பவர்களுக்கும் என்று வாட்ஸப்பில் கிடந்தன.

ஆய்வு நெறியாளருக்கு இது ருசிக்கவில்லை. “இது கலப்புமுறை இல்லை அம்மா, கம்ப்யூட்டர் பீரியட்” என்றார். 40 சதவீதம் வரை இணையவழி என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021 இல் வெளியிட்ட கருத்துருவை எடுத்து நீட்டினார். அது கல்லூரிகளுக்கு என்றேன். கேட்கவில்லை. பிறகு விகிதத்தையே கணக்குப் போட்டுக் காட்டினேன். 14 பாடவேளைகளில் ஐந்து லேபில், அதாவது சுமார் 36 சதவீதம். கணக்கைப் பார்த்ததும் சற்று இறங்கி வந்தார். ‘வரம்புக்குட்பட்ட இணைய வசதியுள்ள பள்ளிகளில்’ என்று தலைப்பில் சேர்க்கச் சொன்னார். அதற்கு மேல் நானும் சண்டை பிடிக்கவில்லை.

முன்தேர்வு, பின்தேர்வு, சராசரி மதிப்பெண்களை ஒப்பிடும் டி-சோதனை எல்லாம் முறைப்படி செய்தேன். வித்தியாசம் வந்தது. ஆனால் அந்த அத்தியாயத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒப்பீட்டுக்கு எடுத்த ‘ஆ’ பிரிவில் இடையில் ஆசிரியர் மாறினார். என் பிரிவிலோ, நானே நடத்தி நானே திருத்தினேன். இதை வரம்புகள் என்ற தலைப்பில் எழுதியும் இருக்கிறேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் புள்ளியியலைத் தொடவே இல்லை. ஒரு காணொளியைப் போடச் சொன்னார். கைக்கு வந்தது ஓம் விதி. சேவல் கூவியதும் நிறுத்திவிட்டு, “இதை நீக்கியிருக்கலாமே?” என்றார்.

“மறுபடி பதிவு செய்ய இன்னொரு விடியற்காலை வேண்டும் சார்” என்றேன். அடுத்த அலகு ஒலியியல்தானே, அதற்கு உதவும் மிஸ், வைத்துக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் ஒருவன் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.