மாட்டில்டாஸ் செமி ஃபைனலும் வராத ஓடிபியும்

2023 ஆகஸ்ட் 16 சிட்னில நடந்த பெண்கள் ஃபுட்பால் உலகக்கோப்பை செமி ஃபைனல், ஆஸ்திரேலியா (அவங்க பெண்கள் டீமத்தான் மாட்டில்டாஸ்னு செல்லமா கூப்பிடறாங்க) இங்கிலாந்து மேட்ச், நேர்ல பாத்துட்டேன். ஆனா அந்த ஒரு டிக்கெட்டுக்கு நான் பட்ட பாடு இன்னும் மனசு ஆறல, அதனால மேட்ச் கதை அப்புறம், முதல்ல டிக்கெட் கதை. நம்ம ஊர் பேங்க் கார்டை மட்டும் நம்பி வெளிநாடு வந்து தங்கறவங்க யாரா இருந்தாலும் இத படிச்சிடுங்க.

நான் வந்து தங்கியிருக்கறது சிட்னி மேற்கு பக்கம் டூங்காபில அக்கா வீட்ல. மாமா போட்டி ஆரம்பிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே தனக்கும் பாப்பாவுக்கும் ரெண்டு டிக்கெட் வாங்கி வெச்சிட்டாரு, அப்போ எந்த டீம் வரும்னே தெரியாது. பாப்பா இங்க லோக்கல் கிளப்ல ஆடறா, ஆஸ்திரேலியா கேப்டன் சாம் கெர்னா உயிரு. எனக்கும் ஸ்கூல் நாள்ல இருந்தே ஃபுட்பால் பைத்தியம், ஜூன்ல அமிர்தசரஸ்ல நம்ம தமிழ்நாட்டு பொண்ணுங்க ஹரியானாவ 2-1னு ஜெயிச்சு நேஷனல் சாம்பியன் ஆனப்போ வீட்ல சத்தம் போட்டு எல்லாரையும் எழுப்புன ஆளு நான். அப்பேர்ப்பட்ட எனக்கு உலகக்கோப்பை நடக்கற ஊர்லயே இருந்துக்கிட்டு டிவில பாக்க மனசு வருமா.

ஆகஸ்ட் 12 சனிக்கிழமை பிரிஸ்பேன்ல ஃபிரான்ஸோட குவார்ட்டர் ஃபைனல், கோலே விழாம பெனால்டிக்கு போயி, அது முடியவே முடியாத மாதிரி இழுத்து 7-6ல ஆஸ்திரேலியாவோட கோர்ட்னி வைன் அடிச்சு முடிச்சா பாருங்க, அந்த நிமிஷத்துல இருந்து இந்த ஊரே மாறிடுச்சு. செமி டிக்கெட் எப்பவோ வித்து முடிஞ்சது, மிச்சம் இருந்த ஒரே வழி அதிகாரப்பூர்வ ரீசேல் பக்கம், யாராவது வர முடியாம திருப்பிப் போட்டா மட்டும் அதுல வரும். ரீஃப்ரெஷ் பண்ணிக்கிட்டே உக்காந்திருந்தேன், ஒன்னு வந்துது, ஷாப்பிங் கார்ட்ல போட்டேன், பேங்க் கார்டு நம்பர் குடுத்தேன், ஓடிபி கேட்டுச்சு.

ஓடிபி வரல.

ஊர்ல இருந்து கிளம்பும்போதே கார்டுல இன்டர்நேஷனல் யூஸ் ஆன் பண்ணியாச்சு, லிமிட்டும் ஏத்தியாச்சு. சிம் கடையில நேர்ல போய் கேட்டேன், வெளிநாட்டுல ஓடிபி மெசேஜ் வருமா அண்ணான்னு. அதுக்கு அவரு, மெசேஜ் மட்டும்னா பேக் எதுவும் போட வேணாம்மா, தானா வரும்னு அடிச்சு சொன்னாரு. இங்க வந்து பாத்தா அந்த சிம்முக்கு சிக்னலே இல்ல. ஷாப்பிங் கார்ட்ல டிக்கெட் நிக்கற நேரம் கொஞ்சம்தான், கண்ணு முன்னாடி ஓடிப்போச்சு.

கஸ்டமர் கேருக்கு மாமா போன்ல இருந்து கூப்பிட்டேன். அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையாத்தான் பேசுச்சு, "மேடம், செக்யூரிட்டி ரீசனுக்காக நீங்க ரெஜிஸ்டர் பண்ண நம்பர்ல இருந்துதான் கூப்பிடணும்"னு. அந்த நம்பர் வேலை செய்யலைன்னு சொல்லத்தான்மா கூப்பிடறேன்னேன். "அப்போ ஹோம் பிராஞ்சுக்கு நேர்ல போய் ஃபார்ம் குடுங்க மேடம்." நான் சிட்னில இருக்கேன்மா. "ஓகே மேடம், வேற ஏதாவது ஹெல்ப் வேணுமா மேடம்?" அந்தப் பொண்ண திட்ட மனசு வரல, எழுதிக் குடுத்ததத்தான் அதுவும் படிக்குது. ஆனா வெளிநாட்டுல மாட்டிக்கிட்ட ஒருத்தி போன் பண்ணா என்ன பண்றதுன்னு அந்த பேங்க்ல ஒரு ஆளு கூடவா யோசிக்கல?

திங்கக்கிழமை தம்பி திருச்சில பிராஞ்சுக்கு லெட்டரோட போனான். ஓடிபிய மெயிலுக்கும் அனுப்பற மாதிரி மாத்த முடியுமான்னு கேக்கத்தான், சில பேங்க்ல அந்த வசதி இருக்கு. வேலைக்கு லீவு போட்டுட்டு போயி, டோக்கன் எடுத்து, கவுண்டர் கவுண்டரா அலைய விட்டு, கடைசில அக்கவுன்ட் ஹோல்டர் வந்து கையெழுத்து போடணும்னு அனுப்பிட்டாங்க. மறுநாள் ஆகஸ்ட் 15, பேங்கே கிடையாது. அதுக்கு மறுநாள் மேட்ச்.

அக்கா தன்னோட கார்டை போட்டுக்கோன்னு அப்போவே சொன்னா. தங்கறது அவ வீட்ல, சாப்பிடறது அவ கையால, டிக்கெட்டுக்கும் அவகிட்ட கை நீட்ட எனக்கு மனசு ஒப்பல.

நடுவுல ஃபேஸ்புக்ல ஒருத்தன், ரெண்டு டிக்கெட் இருக்கு, பணத்த அக்கவுன்ட்ல போடுங்க பிடிஎஃப் அனுப்பறேன்னான். இந்தப் போட்டிக்கு டிக்கெட் எல்லாம் போன்ல ஆப்லதான். பிடிஎஃப்னு எவன் சொன்னாலும் அது ஏமாத்து வேலைதான், அந்த இடத்துலயே பிளாக் பண்ணிடுங்க.

வழி பொறந்தது தம்பியாலதான். ரோமிங் பேக் போட நான் சிம் கம்பெனி ஆப்ல லாகின் பண்ணப் பாத்தா அதுவும் அதே நம்பருக்கு ஓடிபி அனுப்புது, அத எங்க போய் பாக்கறது! தம்பி தன்னோட ஆப்ல என் நம்பர போட்டு அவனே இன்டர்நேஷனல் ரோமிங் பேக் ரீசார்ஜ் பண்ணான், அதுக்கு என் ஓடிபி எதுவும் கேக்கல. அப்பவும் உடனே சிக்னல் வரல. போன் செட்டிங்ஸ்ல போய் ஆட்டோமேட்டிக் நெட்வொர்க்க ஆஃப் பண்ணி, லிஸ்ட்ல வர்ற இந்த ஊர் நெட்வொர்க் ஒன்னொன்னா கையால செலக்ட் பண்ணி, போன ஆஃப் பண்ணி ஆன் பண்ணதுக்கு அப்புறம் டொக் டொக்குனு விழுந்துது பாருங்க, சனிக்கிழமையில இருந்து தேங்கிக் கிடந்த மெசேஜ் அத்தனையும். செத்துப்போன ஓடிபியெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. அழுகையே வந்துடுச்சு.

திருப்பி ரீசேல் பக்கம். தம்பி ஊர்ல ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்ல எனக்குத் துணைக்கு முழிச்சிருந்தான், இங்க ரெண்டரை. எல்லாரும் தூங்கற நேரத்துலதான் கிடைக்கும்னு மாமா சொன்னது சரியாத்தான் இருந்துச்சு, மேல் அடுக்குல ஒரு ஒத்தை சீட் வந்துது, ஓடிபி வந்துது, பணம் போச்சு, டிக்கெட் ஆப்ல வந்து உக்காந்துது. ஒத்தை சீட் தேடுங்க, அதுதான் இந்த மாதிரி மேட்ச்ல சிக்கும். குடும்பமா சேந்து உக்காரணும்னு பிடிவாதம் புடிச்சா வீட்லதான் உக்காரணும்.

ஸ்டேடியத்துக்குப் போற வழி சுலபம், மேற்கு பக்கம் இருந்து வர்றவங்க லிட்கம்ல இறங்கி ஒலிம்பிக் பார்க் ட்ரெயின் புடிக்கணும், அவ்ளோதான். மூனு விஷயம் மட்டும் சொல்லிக்கறேன். டிக்கெட்ட ட்ரெயின்லயே ஆப்ல திறந்து வெச்சுக்கோங்க, ஸ்டேடியம் கிட்ட போனா அத்தனை ஆயிரம் பேரு போனும் ஒரே நேரத்துல நெட்ட இழுக்கும். பவர் பேங்க் கட்டாயம். ஆகஸ்ட்ல இங்க குளிர்காலம், மேட்ச் ராத்திரி எட்டு மணிக்கு, மேல் அடுக்குல காத்து எலும்பு வரைக்கும் போகும், சால்வை ஸ்வெட்டர் எது இருந்தாலும் மாட்டிக்கிட்டு போங்க.

உள்ள 75,784 பேரு. பொம்பளைங்க ஆடற மேட்ச்சுக்கு! எங்க பாத்தாலும் மஞ்சள் பச்சை, எங்க பாத்தாலும் சின்னச் சின்ன பொண்ணுங்க முதுகுல கெர் 20. பையன்களும்தான், அப்பாங்களும்தான். என் பக்கத்து சீட்ல ஒரு வயசான அம்மா, நான் எங்க இருந்து வர்றேன்னு கேட்டாங்க, இந்தியான்னதும், சாமோட அப்பா கல்கத்தால பொறந்தவருன்னு அவங்களே சொன்னாங்க. அதுக்கப்புறம் மேட்ச் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே போர்வைதான்.

கெர் இந்தப் போட்டி தொடங்கறதுக்கு முந்தின நாள் கெண்டைக்கால்ல அடிபட்டவ, இந்த மேட்ச்லதான் முதல் தடவையா ஆரம்பத்துல இருந்தே இறங்கினா. 36வது நிமிஷம் எல்லா டூன்ங்கற பொண்ணு அடிச்சு இங்கிலாந்து 1-0. அப்புறம் 63வது நிமிஷம். பந்து கெர் கால்ல, முன்னாடி அவ்ளோ பெரிய இடம், ஓடறா, எதிர்ல இங்கிலாந்து டிஃபெண்டர் மில்லி பிரைட் பின்னாடியே நகர்றா, யாரும் கிட்ட வந்து தடுக்கல, பாஸ் பண்ணுவான்னு நான் நினைக்கறேன், அவ்ளோ தூரத்துல இருந்து ஒரு அடி. கோல்கீப்பர் மேரி எர்ப்ஸ் தலைக்கு மேல போயி வலைக்குள்ள. அந்த சத்தத்த எனக்கு எழுதத் தெரியல. சீட்டுக்குக் கீழ சிமென்ட் அதிர்ந்துது, கால்ல தெரிஞ்சுது. அந்த அம்மாவும் நானும் கட்டிப்புடிச்சிக்கிட்டோம்.

அப்புறம் இங்கிலாந்துக்கு 71ல லாரன் ஹெம்ப், 86ல அலெசியா ருஸ்ஸோ, 3-1. நடுவுல கெருக்கு ரெண்டு நல்ல சான்ஸ் வந்து போச்சு. தோத்தாச்சு, ஆனா நிறைய பேரு கிளம்பல, பொண்ணுங்க மைதானத்த சுத்தி வர்ற வரைக்கும் நின்னு கைத்தட்டினாங்க.

திரும்பி வர்றப்போ ஸ்டேஷன்ல பெரிய வரிசை, ஆனா கும்பல் கும்பலா நிறுத்தி நிறுத்தி விட்டாங்க, தள்ளுமுள்ளு ஒன்னும் இல்ல. மாமாவும் பாப்பாவும் வேற கேட்ல இருந்து வந்தாங்க, எங்க சந்திக்கறதுன்னு முன்னாடியே பேசி வெச்சது நல்லதாப் போச்சு, போன் லைனே கிடைக்கல. பாப்பா அழுது முகமெல்லாம் வீங்கி இருந்துச்சு, ஆனா ட்ரெயின்ல ஏறினதும் சித்தி அந்த கோல் பாத்தியா பாத்தியான்னு வீடு வர்ற வரைக்கும் அதே பேச்சு.

பேங்குக்கு மெயில்ல கம்ப்ளைன்ட் போட்டிருக்கேன், தம்பி போன தேதி, டோக்கன் நம்பர் எல்லாம் சேத்து. பதில் வரலைன்னா ஊருக்கு வந்ததும் முதல் வேலையா பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேனுக்கு எழுதப் போறேன். நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி ரோமிங் பேக் போட்டு ஊர்லயே ஆக்டிவேட் பண்ணிடுங்க, மெயில் ஓடிபி உங்க பேங்க்ல உண்டான்னு பிராஞ்ச்லயே கேட்டு கையெழுத்து போட்டுட்டு வாங்க.