சி.ஓ.ஏ. தேர்வுக்கு ஷார்ட்கட் கீகளைப் பழகுவது எப்படி?

டைப்ரைட்டிங் லோயர் (கீழ்நிலைத் தேர்வு) முடித்துவிட்டு, கம்ப்யூட்டரில் அலுவலக வேலை செய்வதற்கான சான்றிதழ்த் தேர்வான சி.ஓ.ஏ. எழுதப் போகிற பலரும் ஷார்ட்கட் கீகளை நோட்டில் பட்டியல் போட்டு, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு அது ஓரளவு உதவும். செய்முறைத் தேர்வில் கை கொடுக்காது. கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேகமாக அடிக்கும்போது, மனப்பாடம் செய்ததை நினைத்துப் பார்க்க நேரம் ஏது? விரல் தானாகப் போக வேண்டும். அந்தத் தேர்வை எழுதித் தேறி, இப்போது நாள் முழுக்க வேர்ட், எக்செல் என்று உட்கார்ந்திருப்பவன் நான். எனக்கு உதவியதை மட்டும் சொல்கிறேன்.

நமக்கு ஏற்கெனவே ஒரு பெரிய பலம் இருக்கிறது. ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப் என்று பக்கம் பக்கமாக அடித்துப் பழகிய கை நம்முடையது. கண் தாளிலேயே இருக்கும், விரலுக்குத் தன் இடம் தெரியும். மவுசைத் தொட்டவுடன் இரண்டும் போய்விடுகின்றன. கண் திரைக்குத் தாவுகிறது. திரும்பி வந்து எஃப், ஜே கீகளின் மேட்டைத் தடவிக் கையை வைத்து, தாளில் எந்த வரியில் விட்டோம் என்று தேட வேண்டும். வரி விட்டுப்போவதும் ஒரே வரியை இரண்டு தடவை அடிப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஷார்ட்கட்டால் நேரம் மிச்சமாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குக் கிடைத்த பெரிய லாபம், தப்பு குறைந்ததுதான்.

அதனால் பயிற்சியை மவுஸ் இல்லாமல் செய்யுங்கள். நிஜமாகவே வயரைக் கழற்றிவிடுங்கள். பழைய கேள்வித்தாளில் இருக்கும் ஓர் அலுவலகக் கடிதத்தை எடுத்து, தொடக்கத்திலிருந்து பிரின்ட் வரைக்கும் கீபோர்டிலேயே முடியுங்கள். தலைப்பை அடித்துவிட்டு கன்ட்ரோலுடன் இ, வரி நடுவுக்கு வந்துவிடும். அடுத்த வரியில் கன்ட்ரோலுடன் எல், இடப்பக்கம் திரும்பிவிடும். அடித்த வரியைத் தேர்ந்தெடுக்க ஹோம், அப்புறம் ஷிஃப்டுடன் எண்ட். பெரிய எழுத்தில் இருக்க வேண்டியதைச் சிறிய எழுத்தில் அடித்துவிட்டால் அழிக்க வேண்டாம். தேர்ந்தெடுத்து ஷிஃப்டுடன் எஃப்3 ஓரிரு தடவை தட்டினால் மாறிவிடும். வரி இடைவெளிக்குக் கன்ட்ரோலுடன் 1 என்றால் ஒற்றை, 2 என்றால் இரட்டை, 5 என்றால் ஒன்றரை. அட்டவணைக்குள் டேப் அடித்தால் அடுத்த கட்டம். கடைசிக் கட்டத்தில் டேப் அடித்தால் புது வரிசையே வந்துவிடும்.

முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். மவுசில் ஒரு நொடியில் முடிவதற்குக் கீபோர்டில் தடுமாறுவீர்கள். விட்டுவிடாதீர்கள். ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்ப அடியுங்கள். பத்து கடிதங்களை ஒரு தடவை அடிப்பதைவிட அது பலன் தரும்.

கன்ட்ரோலை எந்தக் கையால் பிடிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பெரிய எழுத்து அடிக்கும்போது ஷிஃப்டை எதிர்க் கையால் பிடிக்கப் பழகியிருக்கிறோமே, அதே வழக்கத்தை இதிலும் வைத்துக்கொண்டால் மணிக்கட்டு முறுக்காது. இசட், எக்ஸ், சி, வி நான்குக்கும் விதிவிலக்கு கொடுக்கலாம். அவை அடுத்தடுத்து, இடது கன்ட்ரோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இடது கை ஒன்றே போதும்.

கீ எதுவென்றே தெரியாத வேலை வந்தால் ஆல்டை ஒரு தடவை தட்டி விடுங்கள். மேலே உள்ள ஒவ்வொரு மெனுவின் மீதும் ஓர் எழுத்து முளைக்கும். அதை அடித்தால் உள்ளே இருப்பவற்றின் எழுத்துகள் தெரியும். 2007 பதிப்பிலிருந்து ஆபீஸ் இப்படித்தான் இருக்கிறது. எக்செல்லில் எண்ணுக்குப் பதில் #### என்று வந்தால் ஆல்ட், ஹெச், ஓ, ஐ என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுங்கள். காலம் (மேலிருந்து கீழாகப் போகும் நெடுவரிசை) தேவையான அளவுக்கு விரிந்துவிடும். இதை நான் மனப்பாடம் செய்யவில்லை. திரையைப் பார்த்துப் பார்த்து அடித்ததில் கைக்கு வந்துவிட்டது.

எக்செல்லில் எஃப்4 ஒன்றை மட்டும் ஆழமாகப் புரிந்துகொள்ளுங்கள். சம்பளப் பட்டியல் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் சி5 முதல் கீழே வரிசையாக இருக்கிறது, அகவிலைப்படி சதவீதம் எஃப்1 என்ற கட்டத்தில் மட்டும் இருக்கிறது. =சி5*எஃப்1 என்று போட்டுக் கீழே இறக்கினால் அடுத்த வரிசையில் அது எஃப்2-ஐத் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது, விடை பூஜ்யம். எஃப்1 என்று அடித்த கையோடு எஃப்4 கீயைத் தட்டினால் $எஃப்$1 ஆகிவிடும். பிறகு எத்தனை வரிசை இறக்கினாலும் அந்தக் கட்டத்தை விட்டு நகராது. இறக்குவதற்கு ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கீழ் அம்புக்குறியால் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலுடன் டி. எஸ்ஸுக்கும் எஃப்புக்கும் நடுவில் இருக்கிற டி. அவசரத்தில் ஷிஃப்டோடு கன்ட்ரோலையும் சேர்த்து அம்புக்குறியை அழுத்தினால், கீழே காலியாக இருக்கும் நெடுவரிசையில் 10,48,576-ஆவது வரிசைக்கே போய்விடும். பயப்பட வேண்டாம், கன்ட்ரோலுடன் ஹோம் அடித்தால் மேலே வந்துவிடலாம்.

கூட்டுத்தொகைக்கு ஆல்டுடன் சமக்குறி, இன்றைய தேதிக்குக் கன்ட்ரோலுடன் செமிகோலன். இவை சுலபம்.

எழுத்துத் தேர்வில் ஆளைக் கவிழ்ப்பது வேறு. ஒரே கீ வேர்டில் ஒரு வேலை செய்யும், எக்செல்லில் வேறு வேலை செய்யும். வேர்டில் நடுவுக்குக் கொண்டுவருகிற கன்ட்ரோல் இ, எக்செல் 2013 முதல் ஃபிளாஷ் ஃபில், அதாவது நாம் அடித்த மாதிரியைப் பார்த்து மீதிக் கட்டங்களைத் தானே நிரப்பும். எக்செல்லில் மேலே உள்ளதைக் கீழே இறக்குகிற அந்த டி, வேர்டில் எழுத்துரு பெட்டியைத் திறக்கும், பவர்பாயின்டில் ஸ்லைடை இன்னொரு பிரதி எடுக்கும். கன்ட்ரோல் எம் பவர்பாயின்டில் புது ஸ்லைடு, வேர்டில் பத்தியை உள்தள்ளும். வேர்டில் ஒற்றை இடைவெளி தருகிற கன்ட்ரோல் 1, எக்செல்லில் கட்டத்தின் வடிவத்தை மாற்றுகிற ஃபார்மட் செல்ஸ் பெட்டி. எஃப்5 பவர்பாயின்டில் ஸ்லைடு ஷோவைத் தொடங்கும், பிரவுசரில் பக்கத்தைப் புதுப்பிக்கும், எக்செல்லில் வேண்டிய கட்டத்துக்குத் தாவ உதவும் கோ டு பெட்டி. பட்டியலாகப் படித்தால் இவை ஒன்றோடொன்று கலந்துதான் போகும். நான் ஒரு கீயை எடுத்துக்கொண்டு மூன்று மென்பொருளையும் திறந்து வைத்து அடித்துப் பார்ப்பேன். திரையில் நடந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு குழப்பம் வந்ததில்லை. கேள்வியைப் படிக்கும்போதும் எந்த மென்பொருளைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

வீட்டில் லேப்டாப்பில் பழகுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல லேப்டாப்களில் எஃப்2, எஃப்4, எஃப்5 எல்லாம் சத்தம், வெளிச்சம் கூட்டுகிற வேலையைத்தான் முதலில் செய்யும். கூடவே எஃப்என் கீயைப் பிடித்தால்தான் உண்மையான எஃப்4 வரும். டெஸ்க்டாப் கீபோர்டில் அந்தப் பிரச்சினை இல்லை. கைப்பழக்கம் மாறாமல் இருக்க, தனியாக ஒரு சாதாரண யுஎஸ்பி கீபோர்டு வாங்கி மாட்டிக்கொள்வது நல்லது.

தேர்வு அறையில் உட்கார்ந்ததும் கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டையும் பாருங்கள். தமிழ் அடிக்க வேண்டியிருந்தால் விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் தட்டி மொழி மாறுகிறதா என்று பார்த்து, மாறவில்லை என்றால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பிறகு, ஒரு எழுத்துக்கூட அடிக்கும் முன்பே எஃப்12 தட்டி, சொன்ன இடத்தில் சொன்ன பெயரில் கோப்பைச் சேமித்துவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கன்ட்ரோல் எஸ்.